தோற்ற பேரரசு பட்ட கடன்

அமெரிக்கச் சுதந்திரப் பிரகடனத்துக்கு 2026-ல் 250 வயது. பாஸ்டன் தேநீர் விருந்து, ஜார்ஜ் வாஷிங்டன், பிரதிநிதித்துவம் இல்லாமல் வரி இல்லை என்ற முழக்கம் என்று அந்தப் புரட்சியின் கதையைப் பள்ளியிலேயே படித்துவிடுகிறோம். அந்தப் போரில் தோற்றவர்களில் பெரும்பகுதியினரும் அதே மண்ணின் குடிகள் என்பதைப் பாடப்புத்தகம் சொல்வதில்லை. பதின்மூன்று காலனிகளில் வாழ்ந்த வெள்ளையரில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவர் பிரிட்டிஷ் அரசர் பக்கம் நின்றதாக வரலாற்றாசிரியர்கள் மதிப்பிடுகிறார்கள். போர் முடிந்ததும் அவர்களில் பெரும்பாலோர் வாயைத் திறக்காமல் புதிய குடியரசுக்குள் கரைந்துபோனார்கள். ஏறத்தாழ 60,000 பேர் மட்டும் ஊரை விட்டே கிளம்பினார்கள். இவர்களில் அடிமைகளை உடைமையாக வைத்திருந்தவர்கள் சுமார் 15,000 அடிமைகளையும் கூடவே கொண்டுபோனார்கள். நோவா ஸ்கோஷியா, கியூபெக், பஹாமாஸ், ஜமைக்கா, இங்கிலாந்து என்று சிதறிய இவர்களில் ஒரு பகுதியினர் கடைசியில் ஆப்பிரிக்காவின் சியரா லியோன் கரைவரை போய்ச் சேர்ந்தார்கள். தன்னை நம்பிக் கெட்டவர்களுக்குத் தான் கடன்பட்டிருப்பதை பிரிட்டன் மறுக்கவில்லை. அதற்காக அள்ளியே கொடுத்தது. ஆனால் அந்தக் கடனை அது அளந்த விதம்தான் தவறு. யார் எவ்வளவு சொத்தை இழந்தார் என்று பார்த்ததே தவிர, யார் எதைப் பணயம் வைத்தார் என்று பார்க்கவில்லை. அதனால் நிலமும் வீடும் வைத்திருந்தவர் வரிசையின் தலையில் நின்றார்; அரசின் வாக்கை மட்டுமே கையில் வைத்திருந்தவர் வரிசையின் கடைசியில் நின்றார்.

ஏகாதிபத்தியத்துக்குத் துணைபோனவர்களுக்காக இப்போது ஏன் பரிந்து பேச வேண்டும் என்று கேட்கலாம். காலனி ஆட்சியை அனுபவித்த நாட்டில் இந்தக் கேள்வி எழாமல் இருந்தால்தான் வியப்பு. ராவ் பகதூர் பட்டங்களும் ஜமீன் மாளிகைகளும் நம் நினைவுக்கு வரும். அமெரிக்க ராஜவிசுவாசிகளிலும் அப்படிப்பட்டவர்கள் உண்டு. ஆளுநர்கள், நீதிபதிகள், பெரு வணிகர்கள் இருந்தார்கள். ஆனால் எல்லோரையும் அந்த ஒரே அச்சில் வார்க்க முடியாது. நியூயார்க்கில் பண்ணையார் புரட்சிப் பக்கம் நின்றதாலேயே அவருடைய குத்தகைதாரர்கள் அரசர் பக்கம் சாய்ந்த இடங்கள் உண்டு. வட கரோலினாவில் குடியேறியிருந்த ஸ்காட்லாந்து மலைநாட்டு ஏழைகள் அரசருக்காக ஆயுதம் எடுத்தார்கள். எஜமானர் சுதந்திரம் பற்றி முழங்கிக்கொண்டிருந்த பண்ணையிலிருந்து தன் சுதந்திரத்தைத் தேடி பிரிட்டிஷ் முகாமுக்கு ஓடிய அடிமையை ஏகாதிபத்தியத்தின் அடிவருடி என்று யாரும் சொல்ல மாட்டார்கள். வென்றவர்களும் இந்த வேறுபாடுகளைப் பார்க்கவில்லை. மாசசூசெட்ஸ் 1778-ல் முந்நூறு பேர் அளவுக்குப் பெயர் குறிப்பிட்டு நாடுகடத்தியது. இரண்டாம் முறை திரும்பி வந்தால் மரணதண்டனை. நியூயார்க் 1779-ல் 59 பேரின் சொத்துகளை ஒரே சட்டத்தில் பறித்தது. அவர்களில் மூவர் பெண்கள். வெளியேறியவர்கள் செய்த அரசியல் தேர்வு சரியா தவறா என்பது ஒரு விவாதம். அவர்களைத் தேர்வு செய்யத் தூண்டி, ஆயுதம் கொடுத்து, வாக்கும் கொடுத்த அரசு பின்னர் எப்படி நடந்துகொண்டது என்பது வேறு விவாதம். இங்கே நான் பேசுவது இரண்டாவதைப் பற்றி மட்டுமே.

பிரிட்டன் முதலில் நடந்துகொண்ட விதம் பெருமைப்படத்தக்கதல்ல. 1781-ல் யார்க்டவுனில் சரணடைந்தபோது, தன்னோடு இருந்த அமெரிக்கர்களைத் தண்டிக்கக் கூடாது என்று தளபதி காரன்வாலிஸ் நிபந்தனை கேட்டார். வாஷிங்டன் மறுத்துவிட்டார். சோதனையிடாமல் போக அனுமதிக்கப்பட்ட ‘பொனெட்டா’ என்ற ஒரே கப்பலில் ஏற்ற முடிந்தவர்களை ஏற்றி அனுப்பியதோடு சரி. அதற்கு முன்பே, முற்றுகையின்போது உணவு குறைந்து பெரியம்மை பரவியபோது, தன் படையை நம்பி வந்த கறுப்பின மக்களை முகாமிலிருந்து வெளியேற்றியவரும் அவர்தான். பிற்பாடு இந்தியாவின் தலைமை ஆளுநராகி, திப்புவை வென்று, இன்று சென்னைக் கோட்டை அருங்காட்சியகத்தில் சிலையாக நிற்பவரும் அவரே. போரை முடித்துவைத்த பாரிஸ் உடன்படிக்கை இன்னும் கசப்பானது. பறித்த சொத்துகளைத் திருப்பித் தருமாறு மாநிலங்களுக்கு அமெரிக்கக் காங்கிரஸ் பரிந்துரைக்கும் என்று அதன் ஐந்தாவது பிரிவு சொன்னது. பரிந்துரைதான், கட்டளை அல்ல. கையெழுத்துப் போட்ட இரு தரப்புக்கும் அது எங்கே போய் முடியும் என்று தெரிந்தே இருந்தது. அமெரிக்கத் தூதர்களில் இந்த விஷயத்தில் சற்றும் இளகாதவர் பெஞ்சமின் பிராங்க்ளின். அவருடைய மகன் வில்லியம் நியூஜெர்சியின் கடைசி அரச ஆளுநர், சிறையிருந்து, மனைவியை இழந்து, லண்டனுக்கு ஓடிய ராஜவிசுவாசி. உடன்படிக்கையின் வரைவு லண்டன் வந்ததும் நாடாளுமன்றம் கொதித்தது. நம்பியவர்களை நட்டாற்றில் விட்டுவிட்டதாக எழுந்த கண்டனமும் சேர்ந்துதான் 1783 பிப்ரவரியில் பிரதமர் ஷெல்பர்னைப் பதவியிறக்கியது. சவானாவும் சார்ல்ஸ்டனும் 1782-ல் கைவிடப்பட்டபோது கிழக்கு ஃபுளோரிடாவுக்குத் தப்பிப்போய்க் கூரை வேய்ந்தவர்கள் அடுத்த ஆண்டே ஃபுளோரிடா ஸ்பெயினுக்குக் கொடுக்கப்பட்டதைக் கேட்டுத் திகைத்தார்கள். மறுபடியும் மூட்டை கட்ட வேண்டியதாயிற்று.

அந்த அவமானத்தைத் துடைக்கத்தான் 1783 ஜூலையில் நாடாளுமன்றம் இழப்பீட்டு ஆணையம் ஒன்றை அமைத்தது. ஜான் எர்ட்லி வில்மாட் அதன் முதன்மை ஆணையர்களில் ஒருவர். நேரில் வர முடியாதவர்களுக்காக 1785 முதல் ஆணையர்கள் ஹாலிஃபாக்ஸிலும் மாண்ட்ரியலிலும்கூட அமர்ந்து விசாரித்தார்கள். ஐந்தாறு ஆண்டுகள் நடந்த வேலை. மொத்தம் 3,225 மனுக்கள் வந்தன, 2,291 பேருக்கு இழப்பீடு வழங்கப்பட்டது, தொகை ஏறத்தாழ 30 லட்சம் பவுண்டு. அன்றைக்கு இது மலைக்கவைக்கும் தொகை. ஆனால் அந்தப் பணம் எந்த வாய்க்கால் வழியாகப் பாய்ந்தது என்று பார்க்க வேண்டும். மனுதாரர் பத்திரம் காட்ட வேண்டும், இல்லாவிட்டால் நிலத்தை நேரில் பார்த்த சாட்சிகளைக் கொண்டுவர வேண்டும். வீடு எரியும்போது பத்திரத்தை எடுத்துக்கொண்டு ஓடியவர் எத்தனை பேர்? மனுச் செய்தவர்களில் 468 பேர் பெண்கள், அவர்களில் கணிசமானோர் கைம்பெண்கள். கணவர் எத்தனை ஏக்கர் வைத்திருந்தார், என்ன விலைக்கு வாங்கினார், எவ்வளவு கடன் இருந்தது என்று கேட்டால் பலருக்குச் சொல்லத் தெரியவில்லை. சட்டம் அவர்களை அந்தக் கணக்குவழக்குகளிலிருந்து ஒதுக்கியே வைத்திருந்தது. விட்டுவந்த பானை, தட்டு, மெத்தை, துணிமணி ஒவ்வொன்றையும் அவர்களால் வரிசையாக ஒப்பிக்க முடிந்தது. ஆணையத்தின் கணக்கில் பெருந்தொகை நிலத்துக்குத்தான், பானைக்கு அல்ல.

கறுப்பின மனுதாரர்கள் நாற்பதுக்கும் மேற்பட்டோர் இந்த ஆணையத்தின் முன்னால் வந்தார்கள். அடிமையாகப் பிறந்தவனுக்கு நிலமும் வீடும் எங்கிருந்து வந்தன என்று ஆணையர்கள் சந்தேகப்பட்டார்கள். பெரும்பாலான மனுக்களைத் தள்ளினார்கள். ஒரு சிலருக்கு மட்டும் சிறு தொகை கிடைத்தது. இனி யாரும் உன்னை அடிமையாக்க முடியாத நாட்டில் நிற்கிறாயே, அதுவே உன் பாக்கியம் என்ற பொருளில் முடிவுகள் எழுதப்பட்டன. இதே ஆணையத்தில் ஒரு வெள்ளைப் பண்ணையார் தான் இழந்த அடிமைகளின் விலையை, இழந்த நிலத்தோடும் மாட்டோடும் சேர்த்துக் கணக்கில் காட்டலாம். அடிமையைப் பறிகொடுத்த எஜமானருக்கு அது இழப்பு. ஆயுள் முழுக்கக் கூலியில்லாமல் உழைத்து, பின்னர் அதே அரசருக்காகப் பதுங்குகுழி வெட்டியவருக்கோ கணக்கில் காட்ட ஒன்றுமே இல்லை. ஆணையர்கள் கல்நெஞ்சக்காரர்கள் என்று நான் சொல்லவில்லை. தங்களிடம் கொடுக்கப்பட்ட சட்டப்படி நேர்மையாகத்தான் வேலை செய்தார்கள். சொத்தே அளவுகோல் என்று வைத்துவிட்டால் நேர்மையான கணக்கரும் இந்த முடிவுக்குத்தான் வந்து சேர்வார்.

இத்தனைக்கும் கறுப்பின மக்களைத் தேடிப்போய் அழைத்தது அரசுதான். கலகக்காரர்களின் அடிமைகள் தன் படைக்கு வந்தால் விடுதலை என்று வர்ஜீனியா ஆளுநர் டன்மோர் 1775 நவம்பரில் அறிவித்தார். அவர் தன் சொந்த அடிமைகளை விடுவிக்கவில்லை. 1779-ல் தளபதி கிளிண்டன் பிலிப்ஸ்பர்க் அறிவிப்பில் இதை விரிவுபடுத்தினார். ஆயிரக்கணக்கானோர் நம்பி வந்தார்கள். போர் முடிந்தபோது, கறுப்பினத்தவரையோ அமெரிக்கர்களின் பிற உடைமைகளையோ பிரிட்டிஷ் படை கொண்டுபோகக் கூடாது என்ற வாசகம் உடன்படிக்கையில் கடைசி நேரத்தில் சேர்ந்தது. சேர்க்கச் சொன்னவர் தென் கரோலினாவின் ஹென்றி லாரன்ஸ், அடிமை வணிகத்தில் பணம் சேர்த்தவர். 1783 மே 6 அன்று வாஷிங்டன் ஹட்சன் கரையில் பிரிட்டிஷ் தலைமைத் தளபதி கை கார்ல்டனைச் சந்தித்து, தப்பியோடியவர்களைத் திருப்பி ஒப்படைக்கும்படி கேட்டார். கார்ல்டன் அசையவில்லை. விடுதலை வாக்குக் கொடுத்துவிட்டோம், அதை மீறுவது மானக்கேடு என்றார். அந்தப் போரில் ஒரு பிரிட்டிஷ் அதிகாரி செய்த மிக மேன்மையான செயல் இது என்பேன். நியூயார்க்கில் ஒரு விடுதியில் வாரந்தோறும் குழு அமர்ந்து, போகிறவர்களை ஒவ்வொருவராக விசாரித்துப் பேரேட்டில் ஏற்றியது. பெயர், வயது, உடற்கட்டு, முன்னாள் எஜமானர், ஏறப்போகும் கப்பல் எல்லாம் எழுதப்பட்டன. மொத்தம் 3,000 பேர். ஆனால் அந்தப் பேரேட்டுக்கு இன்னொரு நோக்கமும் இருந்தது. பின்னாளில் எஜமானர்களுக்கு இழப்பீடு தரவேண்டி வந்தால் விலை மதிப்பதற்கு உதவும் என்றுதான் கார்ல்டன் வாஷிங்டனிடம் சமாதானம் சொன்னார். விடுதலைப் பத்திரமும் விலைப்பட்டியலும் ஒரே ஏட்டில்.

அந்த ஏட்டில் 43 வயது ஹாரி வாஷிங்டன் இருக்கிறார். காம்பியாப் பகுதியில் பிறந்து, 1763-ல் ஜார்ஜ் வாஷிங்டனால் வாங்கப்பட்டு, மவுண்ட் வெர்னான் பண்ணையில் குதிரைகளைப் பார்த்துக்கொண்டவர். போர் தொடங்கியதும் டன்மோரின் அழைப்பை நம்பி ஓடி, கறுப்பு முன்னோடிப் படையில் பணியாற்றி, நோவா ஸ்கோஷியாவின் பர்ச்டவுனுக்குக் கப்பலேறினார். அருகிலிருந்த ஷெல்பர்னில் வெள்ளையர் குடியேற்றம் மளமளவென்று எழுந்துகொண்டிருந்தது. நிலப் பங்கீடு பதவிப்படி நடந்தது: உயர் அதிகாரிக்கு 1,000 ஏக்கர், கேப்டனுக்கு 700, சாதாரணச் சிப்பாய்க்கு 100. கறுப்பினத்தவர் முறை வந்தபோது பெரும்பாலோருக்கு ஒன்றுமில்லை. கிடைத்த சிலருக்கும் சிறு துண்டுகள், பாறை நிலம். குளிருக்குத் தரையில் குழிவெட்டி, மேலே மரத்துண்டுகளால் கூரை போட்டு அதற்குள் குடும்பத்தோடு ஒண்டினார்கள். நிலமில்லாததால் வெள்ளையரிடம் ஆண்டுக்கணக்கில் ஒப்பந்தக் கூலிகளாகப் போனார்கள். குறைந்த கூலிக்கு வேலை செய்து தங்கள் பிழைப்பைக் கெடுப்பதாகச் சொல்லி, 1784 ஜூலையில் படையிலிருந்து விடுவிக்கப்பட்ட வெள்ளைச் சிப்பாய்கள் இருபது வீடுகளை இடித்துத் தள்ளினார்கள். இடித்தவர்களும் இடிபட்டவர்களும் ஒரே அரசருக்காகப் போரிட்டு அகதியானவர்கள். முன்னாள் சார்ஜென்ட் தாமஸ் பீட்டர்ஸ் இந்தக் குறைகளை மனுவாக எழுதிக்கொண்டு லண்டனுக்கே போனார். விளைவு, 1792 ஜனவரியில் 15 கப்பல்களில் சுமார் 1,200 பேர் சியரா லியோனுக்குப் புறப்பட்டார்கள். அங்கே நிலத்துக்கு வரி இருக்காது என்று அவர்களை அழைத்துப்போன ஜான் கிளார்க்சன் உறுதியளித்திருந்தார். அடிமை ஒழிப்புக்குப் பாடுபட்டவர்களே நடத்திய சியரா லியோன் நிறுவனம் பிறகு வரியைக் கேட்டது. 1800-ல் எதிர்த்து எழுந்தவர்களில் ஹாரியும் ஒருவர். இருவரைத் தூக்கிலிட்டார்கள், ஹாரி ஊரிலிருந்து துரத்தப்பட்டார். ஒரே ஆயுளில் எத்தனை முறைதான் ஒருவர் வெளியேற்றப்பட முடியும்!

அந்தக் காலத்தில் எந்த அரசு தோற்ற பக்கத்துக் குடிமக்களுக்கு இவ்வளவு செய்தது என்று பிரிட்டனுக்காக வாதாடுபவர்கள் கேட்பார்கள். கப்பல் கொடுத்தது, ரேஷன் கொடுத்தது, நிலம் கொடுத்தது, லட்சக்கணக்கில் பணம் கொடுத்தது. இதில் குறைகாண்பது இன்றைய கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நேற்றைப் பார்ப்பதுதானே? கொடுத்தது உண்மை, அதை மேலேயே சொல்லிவிட்டேன். ஆனால் நேற்றின் கண்ணாடிக்கும் இந்தக் குறை தெரிந்துதான் இருந்தது. 1783-ல் நியூயார்க்கிலிருந்த செல்வாக்குள்ள 55 பேர் நோவா ஸ்கோஷியாவில் தங்களுக்குத் தலைக்கு 5,000 ஏக்கர் வேண்டும் என்று மனுக்கொடுத்தபோது, அறுநூறுக்கும் மேற்பட்ட சாதாரண அகதிகள் எதிர்மனுப் போட்டார்கள். எல்லோரும்தான் இழந்தோம், உங்களுக்கு மட்டும் ஏன் இவ்வளவு என்ற கேள்வி கப்பல் ஏறுவதற்கு முன்பே எழுந்துவிட்டது. பீட்டர்ஸின் மனுவும் அதே கேள்விதான். வாக்கின் பெறுமானம் என்ன என்று கார்ல்டனுக்கும் தெரிந்திருந்தது. தெரியாமல் நடந்தது என்று சொல்ல இடமில்லை. விடுதலையே போதுமான கைம்மாறு என்ற வாதமும் நிற்காது. நிலமில்லாத விடுதலை அந்த மண்ணில் ஒப்பந்தக் கூலியாக முடிந்தது என்பதை அனுபவித்தவர்களே எழுதிக்கொடுத்திருக்கிறார்கள். ஜமைக்காவுக்கும் பஹாமாஸுக்கும் எஜமானர்களோடு கொண்டுபோகப்பட்ட அடிமைகளுக்கோ அந்த விடுதலையும் இல்லை. அவர்களுடைய நாடுகடத்தல் யாருடைய மனுவிலும் இழப்பாகப் பதிவாகவில்லை. எஜமானர் காப்பாற்றிக்கொண்ட சொத்தாகவே பதிவாகியது.

பூர்வகுடிகள் விஷயத்தில் இந்த அளவுகோலின் ஓட்டை இன்னும் பெரிது. ஆறு தேசங்களின் கூட்டமைப்பில் மோஹாக் உள்ளிட்ட பெரும்பாலான தேசங்கள் பிரிட்டனோடு சேர்ந்து போரிட்டன. 1779-ல் அமெரிக்கப் படை அவர்களுடைய ஊர்களையும் விளைந்து நின்ற சோளக்கொல்லைகளையும் கொளுத்தியது. பாரிஸ் உடன்படிக்கையில் அவர்களைப் பற்றி ஒரு வரிகூட இல்லை; அவர்கள் வாழ்ந்த நிலத்தை மட்டும் பிரிட்டன் அமெரிக்காவுக்கு எழுதிக்கொடுத்துவிட்டது. கியூபெக் ஆளுநர் ஹால்டிமண்ட் வெட்கப்பட்டு, மிசிசாகா மக்களிடம் வாங்கிய நிலத்திலிருந்து கிராண்ட் ஆற்றின் இரு கரையிலும் ஆறாறு மைல் அகலத்துக்கு அவர்களுக்கு ஒதுக்கி 1784 அக்டோபரில் ஆணையிட்டார். தலைவர் ஜோசப் பிராண்ட் மக்களை அழைத்துக்கொண்டு அங்கே போனார். ஏறத்தாழ 9,50,000 ஏக்கர் என்று கணக்கிடப்படும் அந்த நிலத்தில் இன்று அவர்கள் கையில் இருப்பது சுமார் 46,000 ஏக்கர்தான். பிராண்டே விற்றது கொஞ்சம், ஆக்கிரமிப்பில் போனது கொஞ்சம், அரசே காப்பாளராக இருந்து கைமாற்றியது கொஞ்சம். வெள்ளை ராஜவிசுவாசிக்குக் கிடைத்த நிலம் பட்டாவோடு கிடைத்தது. அவர் அதை விற்கலாம், பிள்ளைக்கு எழுதிவைக்கலாம். பூர்வகுடிக்குக் கிடைத்த நிலத்தின் மேல் அவருடைய உரிமை என்ன என்பதே தெளிவாக்கப்படவில்லை. 1793-ல் வந்த பத்திரம் அதை இன்னும் சுருக்கியது. நோவா ஸ்கோஷியாவில் குடியேறிகளுக்குப் பிரித்துக்கொடுத்த நிலம் மிக்மாக் மக்களுடையது என்பதையும் இங்கே சொல்லியாக வேண்டும். ஒரு வெளியேற்றத்துக்கு இன்னொரு வெளியேற்றத்தின் மூலம் பரிகாரம் தேடிக்கொண்டார்கள்.

இது பழைய கதை, இப்போது கிளறி என்ன ஆகப்போகிறது என்பவர்களுக்கு அண்மைக்கால நிகழ்வுகளே பதில். அல்ஜீரியாவில் பிரான்ஸுக்காகப் போரிட்ட ஹார்க்கிகளை 1962-ல் பிரெஞ்சு அரசு கைவிட்டது. தப்பி வந்தவர்களை ரிவசால்ட் போன்ற முகாம்களில் அடைத்தது. அதிபர் மக்ரோன் மன்னிப்புக் கேட்க 2021 ஆயிற்று, இழப்பீட்டுக்குச் சட்டம் வர 2022 ஆயிற்று. அதே 2021 ஆகஸ்டில் காபூல் விமான நிலையத்தில் என்ன நடந்தது என்பதை உலகமே பார்த்தது. அமெரிக்கப் படைக்கு மொழிபெயர்ப்பாளராக இருந்த ஆப்கானியர் சிறப்பு விசா கேட்டால், வேலை பார்த்ததற்குச் சான்றும், மேலதிகாரியின் பரிந்துரைக் கடிதமும் தரவேண்டியிருந்தது. நிறுவனம் மூடப்பட்டிருந்தால், மேலதிகாரி எங்கோ மாறிப்போயிருந்தால், தாலிபானுக்குப் பயந்து காகிதங்களை எரித்திருந்தால் என்ன செய்வது? 1785-ல் ஹாலிஃபாக்ஸ் ஆணையத்தின் முன் பத்திரம் இல்லாமல் நின்றவரின் நிலைதான் இவருக்கும். இப்படிப்பட்ட நேரங்களில் சான்று தேடும் பொறுப்பை, ஆள் சேர்த்தபோது பதிவேடு வைத்திருந்த அரசின் மேல்தான் சுமத்த வேண்டும். இழப்பீட்டு வரிசையும் தலைகீழாக வேண்டும்: அரசின் வாக்கைத் தவிர வேறு பிடிமானம் இல்லாதவர் முதலில், சொத்துக்காரர் பிறகு. மோசடி மனுக்கள் வரும் என்பார்கள். வரத்தான் செய்யும், அன்றைக்கு வெள்ளையர் மனுக்களிலும் ஊதிப் பெருக்கிய கணக்குகள் வந்தன, அதற்காக ஆணையம் கதவைச் சாத்திவிடவில்லை.

கிராண்ட் ஆற்று நிலத்துக்கும் அந்த நிலத்தை விற்று அரசு காப்பில் வைத்த பணத்துக்கும் கணக்குக் கேட்டு ஆறு தேசங்களின் மக்கள் 1995-ல் கனடா அரசின் மேலும் ஒண்டாரியோ மாகாண அரசின் மேலும் வழக்குத் தொடுத்தார்கள். 1784 ஆணை, விற்பனைப் பத்திரங்கள், அதிகாரிகளின் கடிதங்கள் இவையெல்லாம் அரசுக் காப்பகங்களில் இருக்கின்றன. ராஜவிசுவாசிகளின் கடன் தீர்ந்துவிட்டதாக லண்டன் கணக்கை மூடி இருநூறு ஆண்டுகள் கழித்துத் தொடுக்கப்பட்ட வழக்கு இது.